பந்தயம் எங்கள் வாசல் வழியாகப் போன நாள்

1

ஒரு வாரமாக எங்கள் ஊரில் சைக்கிள்கள் காய்த்துத் தொங்கின. நகராட்சி அலுவலகத்து மாடியில் இரண்டு, ரொட்டிக் கடைக் கூரையில் ஒன்று, தேவாலயத்துக்கு எதிரிலிருக்கும் மரத்தில் அடி முதல் நுனி வரை ஏழெட்டு. காடாம்புலியூர்ப் பக்கம் பலா காய்க்குமே, அந்த மாதிரி. எல்லாம் ஓடாத பழைய வண்டிகள், மஞ்சள் பெயிண்ட் அடித்தவை. பிரான்ஸில் ஒவ்வொரு கோடையிலும் மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம் இந்த வருஷம் எங்கள் ஊர் வழியாகப் போகப் போகிறது. அதற்குத்தான் இந்த அலங்காரம்.

கடலூரில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இது ஒரே நாளில் முடிகிற பந்தயம் இல்லை. தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடியும். கடலூரிலிருந்து திட்டக்குடி போய்த் திரும்பி வருகிற தூரத்தை ஒரே மூச்சில் மிதிக்க வேண்டும், நடுவில் மலை வேறு ஏற வேண்டும். அடுத்த நாள் எழுந்து மறுபடியும் அதே வேலை. தினசரி ஆகும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவர் ஜெயித்தவர்.

நான் தாழங்குடாக்காரன். பைபர் படகு தள்ளி வளர்ந்த ஆள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் மல்லிகாவைக் கட்டி, மாப்பிள்ளையாக இங்கே இறக்குமதியானேன். இப்போது கடலே இல்லாத மலையடிவார ஊரில், சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறேன். இங்கே மீனைத் தலையோடு கொடுத்தால் வாங்குகிறவர் பயந்துவிடுவார். தலையை நானே வீட்டுக்கு எடுத்து வந்து குழம்பு வைத்துவிடுவேன். ஊர் முழுக்கத் தலையை விட்டுக்கொடுக்க, நாங்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தின்றுகொண்டிருக்கிறோம்.

பந்தயத்துக்காக நகராட்சியில் கூட்டம் போட்டார்கள். காலை முதல் தெருவை மூடிவிடுவோம், தெருவில் வீடு இருப்பவர்கள் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த அட்டைக்குக் கரண்ட் பில்லும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும் என்றார் மேயரம்மா. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பிரெஞ்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. கோபம் வந்தால் எனக்கு இரண்டாவது மறந்துபோகும். என் வீட்டுக்கு நான் போக உன்னிடம் எதற்கு அட்டை வாங்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். கூட்டம் சிரித்தது. மேயரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, பந்தயத்தில் ஓட்டுகிற நம்ம ஊர்ப் பையனின் அப்பா நீதானே, உனக்கு இந்த வாரம் 'நீ' அனுமதி உண்டு, ஆனால் அட்டை வாங்க வேண்டும் என்றார். மறுநாள் கரண்ட் பில்லோடு போய் வரிசையில் நின்றேன்.

2

அந்த ஓட்டுகிற பையன்தான் எங்கள் ஒரே மகன் கதிர். இருபத்துநான்கு வயது.

பந்தயத்தில் அவன் பெயர் தங்கராசு. அது என் அப்பாவின் பெயர். நான் வந்த புதிதில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, தலையெழுத்துத்தான் உண்டு என்றேன். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். அப்பா பெயரைக் கொடுத்தேன். ஆக, இந்த வருஷப் பந்தயம் தொடங்கிய அன்று கதிர் முதல் முறையாக இந்தப் பந்தயத்தில் தலை காட்டியபோது, பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காரர் வாயில் 'தங்கராசூ' என்று என் அப்பா வந்தார். கடலூரில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த செல்வி அக்கா அதைக் கேட்டு அழுதிருக்கிறாள். அவள் என் ஒரே அக்கா. முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், லேசில் அழமாட்டாள்.

ஆனால் அவளுக்குப் பந்தயத்தைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்து எத்தனாவதாக வந்தான் என்று கேட்பாள். நூற்றி முப்பதுக்கு மேலே ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வேன். அவ்வளவு பேர் முன்னால் போகிற வரைக்கும் இவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று திட்டுவாள். ஓர் அணிக்கு எட்டுப் பேர், அதில் ஒருவன்தான் தலைவன், மற்ற ஏழு பேரும் அவனுக்குக் காற்றை மறைத்துப் போக வேண்டும், தண்ணீர் பாட்டில் சுமந்து கொடுக்க வேண்டும், தலைவன் வண்டி பழுதானால் தன் வண்டியையே இறங்கிக் கொடுக்க வேண்டும், கதிர் அந்த ஏழு பேரில் ஒருவன் என்று சொன்னேன்.

"அப்ப இவன் ஜெயிக்கவே மாட்டானா?"

"மாட்டான்க்கா."

"அப்பறம் எதுக்குடா மிதிக்கிறான்?"

நல்ல கேள்வி. பத்து வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதில் ஊர்ச் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தான். பதினைந்தில் சோற்றைத் தராசில் நிறுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். பிறகு குழம்பை விட்டான். பிறகு தமிழை விட்டான். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். பதினெட்டில் வீட்டை விட்டு, அணி இருக்கும் நகரத்துக்குப் போனான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒரு போன். நடுவில் நான் வாங்கிப் பேசினால், நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன். அவ்வளவுதான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. மிதித்து மிதித்துத் தூரமாகப் போய்விட்டான், எனக்கு அதுதான் வருத்தம்.

3

இந்தப் பந்தயத்தில் விதிப்புத்தகம் ஒன்று இருக்கிறது, தலையணை கனம். அதில் இல்லாத பழக்கங்கள் அதைவிட அதிகம். முன்னணியில் இருப்பவர் சிறுநீர் கழிக்க நின்றால் மற்றவர்கள் வேகம் எடுக்கக் கூடாது. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மலையில் பின்தங்கிய ஆட்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'பஸ்' என்றே இங்கே பெயர். ஜெயித்தவன் வந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லையென்றால் பந்தயத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அதனால் அனுபவசாலி ஒருவன் டிரைவர் மாதிரி கணக்குப் போட்டு அந்தப் பஸ்ஸை ஓட்டிவருவான். கதிர் தினமும் அந்தப் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. பந்தயம் ஒரு வீரனின் சொந்த ஊர் வழியாகப் போனால், அவன் காலையிலேயே பெரிய ஆட்களிடம், அதாவது முன்னணி வீரர்களிடம், கேட்டுக்கொள்வான். அவர்கள் சரி என்றால், ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவனை மட்டும் முன்னே போகவிடுவார்கள். அவன் வேகமாகப் போய், வீட்டு ஆட்கள் நிற்கும் இடத்தில் இறங்கி, அம்மாவையோ பிள்ளையையோ கட்டிக்கொண்டு, கூட்டம் வந்ததும் அதோடு மறுபடியும் சேர்ந்துகொள்வான். கோடிக்கணக்கில் செலவு செய்து, நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கிற பந்தயத்தில் இப்படி ஒரு சலுகை. பந்தயம் எங்கள் வாசல் வழியாகப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பு. கதிர் நிற்பானா?

அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு இது உடனே புரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலும் நேரக் கணக்கும் ஏறாத மண்டையில் இது மட்டும் ஏறியது. நம்ம தேர் மாதிரி என்றாள்.

சிதம்பரம் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழவீதியில் கிளம்பி, தெற்குவீதி, மேலவீதி என்று சுற்றிவரும் தேர், மேலவீதியும் வடக்குவீதியும் சேரும் முனையில் நிற்கும். அங்கே மீனவர் சனம் சீர் கொடுக்க வேண்டும். அம்மன் எங்கள் வீட்டில் பிறந்த பெண், தில்லையில் வாழ்க்கைப்பட்டவள் என்று கணக்கு. பிறந்த வீட்டார் முகம் பார்க்காமல் அவள் அந்த முனையைத் தாண்டமாட்டாள். பட்டும் மாலையும் பழத்தட்டும் கொடுத்து முடித்த பிறகுதான் வடத்தைத் திரும்பத் தொடுவார்கள். சின்ன வயதில் எனக்கு அதில் தனிக் கர்வம். அத்தனை பெரிய தேர், அத்தனை பெரிய கூட்டம், மீன் வாசனையோடு நிற்கிற எங்களுக்காக நிற்கிறது.

கதிருக்குப் பன்னிரண்டு வயதில் ஓர் ஆனித் தேருக்கு அவனைக் கூட்டிப்போனேன். அதே முனையில் வெயிலில் நிறுத்தி, இது நமக்காக நிற்கிறது என்று சொன்னேன். தேரையும் என்னையும் பார்த்துவிட்டு, எப்போது கிளம்பும் என்று கேட்டான். நிற்பதில் அவனுக்கு ருசி இல்லை.

4

அக்காவைப் பந்தயத்துக்குக் கூட்டிவர ஆசைப்பட்டேன். அத்தைக்காரி இல்லாமல் என்ன மரியாதை? விசாவுக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து மீன் விற்கிறவளுக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பார்கள்? திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. திரும்பி வராமல் அங்கே இருந்து என்ன செய்யப் போகிறேன், உன் கடையில் தலையில்லாத மீனுக்கு விசிறிக்கொண்டு உட்காரவா என்று என்னைக் கேட்டாள், நான்தான் விசா மறுத்தவன் போல.

பிறகுதான் பார்த்தோம். பந்தயம் எங்கள் ஊருக்கு வருகிற நாளும் சிதம்பரத்தில் ஆனித் தேர் ஓடுகிற நாளும் ஒன்றாக இருந்தன. அக்கா சமாதானமாகிவிட்டாள். நீ அங்கே நில், நான் இங்கே நிற்கிறேன், போனில் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கதிருக்கு என்ன சீர் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். ஆரத்தி எடுக்கலாம் என்றிருக்கிறாள் மல்லிகா என்றேன். வெறும் ஆரத்தியா, ஒரு வேட்டி துண்டு போடக் கூடாதா என்றாள். சைக்கிளில் போகிறவனுக்கு வேட்டி துண்டு போட்டால் சக்கரத்தில் சிக்கும் என்று விளக்க வேண்டியதாயிற்று.

5

அன்று காலை கதிரே போன் செய்தான். அதுவும் எனக்கு. பெரிய ஆட்களிடம் கேட்டுவிட்டேன், எல்லாரும் சரி என்றார்கள் என்றான்.

"நான் மொதல்ல தனியா வருவேன். அம்மா ரெடியா இருக்கணும். ஒரு நிமிஷம்தான் நிப்பேன்."

அவன் இவ்வளவு தமிழ் சேர்ந்தாற்போலப் பேசி வெகு நாளாயிற்று. கடைசி மலையேற்றம் எங்கள் வாசலில்தான் ஆரம்பிக்கிறது. மத்தியானத்துக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. மல்லிகா பட்டுப்புடவை கட்டி, தாம்பாளத்தில் மஞ்சள் நீரும் கற்பூரமும் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு மிஷெல் காதில் ரேடியோவோடு நின்றார். இத்தனை வருஷத்தில் பனியைப் பற்றி மட்டுமே என்னோடு பேசியிருக்கிற மனுஷர், அன்று எங்களுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். போனில் அக்கா. அவளுக்குப் பின்னால் மேலவீதிக் கூட்டம், நாதஸ்வரம், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. மல்லிகா கற்பூரத்தை ஏற்றினாள். வளைவில் சைக்கிள் தெரிந்தது. ஒன்றில்லை, ஆறேழு. கதிர் அதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய கூட்டம் வந்தது. காற்று முகத்தில் அடித்தது. அதிலும் இல்லை. யாரும் நிற்கவில்லை. மல்லிகா கற்பூரத்தை ஊதி அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மிஷெலைப் பார்த்தேன்.

அவர் ரேடியோவைக் கேட்டுக்கேட்டுச் சொன்னார். முந்தின மலையிலிருந்து இறங்கும்போது கதிரின் தலைவன் விழுந்து, வண்டி உடைந்துவிட்டது. கதிர் தன் வண்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, உடைந்த வண்டியோடு சாலையோரம் நின்றிருக்கிறான். அணிக் கார் பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. வேறு வண்டி கிடைத்து ஏறிய அவசரத்தில் அவனும் ஒரு வளைவில் விழுந்திருக்கிறான். பஸ் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அக்கா போனில், தேர் முனைக்கு வந்து நின்றுவிட்டது, கதிர் வந்தானா என்றாள். இன்னும் இல்லை என்றேன். பஸ் வந்தது, அறுபது எழுபது பேர், உப்புப் பூத்த முகங்கள். போனது. தெருவில் பாதிப் பேர் நாற்காலியை மடக்க ஆரம்பித்தார்கள். மிஷெல் கையில் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, இப்போதே வந்து, எங்கும் நிற்காமல் ஏறினால்தான் நேரத்துக்குள் போக முடியும் என்றார். அவன் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. முதல் பந்தயத்தையே முடிக்காத ஆளை அடுத்த வருஷம் எந்த அணி எடுக்கும்? இது எனக்குத் தெரியும், மல்லிகாவுக்கும் தெரியும்.

அப்போது வந்தான். தனியாக. முழங்கையிலிருந்து விரல் வரை ரத்தம் காய்ந்திருந்தது. சட்டை ஒரு பக்கம் கிழிந்து தோள் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் நடுவரின் மோட்டார் சைக்கிள். அதற்கும் பின்னால், பந்தயத்தை விடுகிறவர்களை ஏற்றிக்கொள்கிற வேன் நிதானமாக, பசித்த நாய் மாதிரி வந்துகொண்டிருந்தது.

எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். இந்த வண்டிகளில் ஷூ பெடலோடு மாட்டிக்கொண்டிருக்கும். காலைத் திருப்பினால்தான் கழலும். அவன் இடது காலைத் திருப்பிக் கழற்றுவதைப் பார்த்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நிற்கப் போகிறான். அம்மாவின் ஆரத்திக்கும் அப்பனின் ஆசைக்கும் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வேனில் ஏறப் போகிறான். இத்தனை நாளாக எதற்கு ஏங்கினேனோ அது என் கண் முன்னால் நடக்கிறது.

போனை மிஷெல் கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

"நிக்காதடா கதிரு. போ."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் காதில் வாங்கவில்லை. சீட்டுக்கு அடியில் கை கொடுத்துத் தள்ளினேன். மணலில் அழுந்திக் கிடக்கிற படகைத் தள்ளியவனுக்கு எங்கே கை வைப்பது என்று சொல்லித்தர வேண்டாம். ஏற்றத்தில் ஓடினேன். தாம்பாளத்தைத் தரையில் போட்டுவிட்டு மல்லிகா பட்டுப்புடவையோடு மறுபக்கம் கை கொடுத்தாள். மிஷெலும் வந்தார், ஒரு கையில் என் அக்காவோடு. முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்தார்கள். பார்வையாளர்கள் தள்ளுவது விதிப்படி குற்றம். நடுவர் எங்களுக்கு நேர் எதிரில் இருந்த மாட்டுக் கொட்டகையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போனார். கதிரின் கால் மறுபடியும் பெடலில் மாட்டிக்கொண்டது. எனக்கு மூச்சு நின்ற இடத்தில் அவனை விட்டேன். வளைவில் மறைந்தான்.

மிஷெல் போனைத் திருப்பிக் கொடுத்தார். அதில் அக்கா அவரிடமே தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிக்கல அக்கா," என்றேன். "நானே தள்ளி வுட்டுட்டேன்."



"சீரு குடுத்தாச்சுன்னா தள்ளித்தானே வுடணும்," என்றாள் அக்கா.

6

இந்த ஊர்க் கோடையில் இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கும். சன்னல் திரையை இழுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது கதிர் கூப்பிட்டான். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். மூச்சு விடுகிற அளவுதான் மிச்சம், ஆனாலும் உள்ளே. முழங்கைக்குத் தையல் போட்டிருக்கிறார்கள், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றான். நாளைக்கு ஓட்டலாமாம்.



"அப்பா, நான் ஆரத்திக்கு நிக்க வரல."

"பின்ன?"

"எறங்கறதுக்கு வந்தேன். முடியல எனக்கு. போதும்னு நெனச்சேன். சைக்கிளே வேணாம், இனிமே எப்பவுமே வேணாம்னு நெனச்சேன். கால எடுத்தேன், பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"நீங்க தள்ளிட்டீங்க."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, கோபமா என்று கேட்டேன்.

"ரொம்ப. ரெண்டு வளைவு வரைக்கும் உங்கள திட்டிக்கிட்டே ஏறினேன்."

"பிரெஞ்சுலயா?"

"தமிழ்ல. அத்த மார்க்கெட்ல திட்டுவாங்க இல்ல, அது எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அப்பறம் மூச்சு இல்ல, நிறுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. எதிரே மல்லிகா சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனிடம் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் அவனைத் தள்ளியது அவன் உள்ளே இருந்ததைப் புரிந்துகொண்டு அல்ல. ஒன்றும் தெரியாமல்தான் தள்ளினேன். அதையும் அவனிடம் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தா தள்ளியிருக்க மாட்டேன்டா. எறக்கி வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். சோறு போட்டுப் படுக்க வெச்சிருப்பேன்."

"தெரியும்," என்றான். "அதுக்காகத்தான் வேன்ல ஏறாம நம்ம வாசல் வரைக்கும் மிதிச்சேன்."

போனை அவன் அம்மாவிடம் கொடுத்தேன்.